கறுப்பு உடுத்த பொம்பிளையளுக்கு ஒரு இடம்

பரிஸ் நகரத்திலை கொலை வழக்குக்குத் தீர்ப்புச் சொன்ன முதல் யாழ்ப்பாணத்தான் நான்தான். பச்சைப் பொய். தீர்ப்புச் சொல்ல வா எண்டு என்னைக் கூப்பிட்டது உண்மை. கல்யாணத்துக்குத் தைச்ச கோட்டைப் போட்டுக்கொண்டு நான் போனதும் உண்மை. கதிரைக்குக் கிட்ட மட்டும் போனதும் உண்மை. குந்த முதல் திருப்பி அனுப்பிப்போட்டாங்கள். மிச்சமெல்லாம் எங்கட சனம் கூடுற லாச்சப்பல் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையளிலை நான் வாயாலை சுட்ட வடை.

அந்த வடை இப்ப எனக்கே விக்குது. எங்கட கட்டிடத்தின்ர நடு முத்தத்திலை, தபால் பெட்டியளுக்குக் கீழை, குளிருக்கை குந்திக்கொண்டிருக்கிறன். இதே நேரம் கோட்டிலை, அதுதான் நீதிமன்றத்திலை, ஜூரி ஆக்கள் ஒரு அறைக்குள்ளை கதவைச் சாத்திப்போட்டு இருக்கினம். எங்கட கட்டிடத்துப் பொடியன் ஒருத்தன் எங்கட கட்டிடத்துப் பொடியன் இன்னொருத்தனைக் குத்தி, மற்றவன் செத்துப்போனான். கொல்லவேணுமெண்டு குத்தினவனோ, கோவத்திலை கை போச்சுதோ. அதைத்தான் அவையள் சொல்லவேணும். கொல்லவேணுமெண்டுதான் எண்டு சொன்னா, பொடியன் வெளியிலை வரேக்கை தலை நரைச்சிருக்கும். கை போச்சுது எண்டா, கல்யாணம் கட்டுற வயசிலை வந்திடுவான்.

குத்தினவன்ர தேப்பன் என்னோடை வேலை செய்யிறவர். நான் அண்ணை எண்டுதான் கூப்பிடுறது. மூண்டாம் மாடி. செத்தவன்ர தாய்க்கு நான் அக்கா எண்டு சொல்லுறது. அவ அடுத்த படிக்கட்டு, ரெண்டாம் மாடி. புருசன் கனகாலத்துக்கு முன்னமே போய்ச் சேர்ந்திட்டார். இருந்தது அந்த ஒரு பிள்ளைதான்.

இதை எழுதுறன் எண்டு பெருசாச் சொல்ல ஏலாது. பள்ளிக்கூடம் என்னைக் கண்டு ஓடினதோ நான் அதைக் கண்டு ஓடினனோ, ரெண்டும் ஒருத்தரையொருத்தர் பிறகு தேடேல்லை. போனிலை ஒரு மைக் படம் இருக்கு, அதை அமத்திப்போட்டுக் கதைச்சா அது எழுதும். இந்தியாத் தமிழ் படிச்ச போன். நான் கதைக்கக் கதைக்க அது முழிக்கிறது எனக்குத் தெரியுது. பிழை இருந்தா அதைப் பேசுங்கோ.

அண்ணையும் நானும் வேலை செய்யிறது சன் மிசெல் பக்கத்திலை ஒரு கிரேக்கச் சாப்பாட்டுக் கடை. கிரேக்கச் சாப்பாடு சமைக்கிறது அண்ணை, பிறந்தது பருத்தித்துறை. கோப்பை கழுவுறது நான். முதலாளியும் கிரேக்கர் இல்லை. கடைக்குள்ளை கிரேக்கம் எண்டு சொல்லக்கூடிய ஒரே சாமான் ஒலிவ் எண்ணெய்ப் போத்தில். அதையும் ஒருநாள் திருப்பிப் பாத்தன், ஸ்பெயினிலை நிரப்பினது.

ஆனா சுவர் முழுக்கக் கிரேக்கச் சாமியள். பாலத்துக்கு அங்காலை கோடு இருக்கிறதாலை மத்தியானத்திலை வாற சனத்திலை பாதி அவொக்காமார், எங்கட பாசையிலை வழக்கறிஞர். அவையளைக் குளிர்விக்க முதலாளி ஒரு யோசினை எடுத்தார். சட்டம் எப்பிடிப் பிறந்தது, நீதி எங்கையிருந்து வந்தது எண்ட கிரேக்கக் கதையளாய்ப் பொறுக்கி ஒரு பெயின்டரைக் கொண்டு கீறுவிச்சார். மேசை மேசையாய்ப் போய் அந்தப் படங்களுக்குக் கதை சொல்லுவார். கோப்பை தாற ஜன்னலாலை எனக்கு எல்லாம் கேக்கும். ஒரே கதையை ஒவ்வொரு நாளும் கேட்டா மாட்டுக்கும் பாடமாகும். எனக்கும் பாடம்.

முதல் படம் இடி முழக்கிற பெரிய சாமி, சேயுஸ். எங்கட சாமியளைப் போலை குடும்பக்காரர், வீட்டுச் சண்டையும் அதே மாதிரித்தான். அவர் கட்டினதுகளிலை ஒருத்தி சட்டம். அந்தப் பொம்பிளைக்குப் பிறந்த பெட்டையளிலை ஒருத்திதான் நீதி. அவள் முதல்லை மனுசரோடைதான் இருந்தவளாம். சந்தையிலை, ரோட்டிலை, ஆக்களோடை ஆளாய். பிறகு லஞ்சம் தின்னுறவங்கள் அவளைத் தலைமயிரிலை பிடிச்சு இழுத்துத் தள்ள, அவள் ஓடிப்போய்த் தேப்பன்ர கதிரைக்குப் பக்கத்திலை இருந்து அழுவாளாம். அழுது அழுது, கடைசியிலை ஒரேயடியாய் மேலை போயிட்டாள். அங்கை வானத்திலை கன்னி ராசியாய் நிக்கிறாள். நானும் கன்னி ராசி. அதாலை எனக்கு அவளிலை ஒரு பாசம். அவள் போகேக்கை தராசை மட்டும் விட்டிட்டுப் போயிருக்கவேணும், லாச்சப்பல் மரக்கறிக் கடைக்காரர் அதைத் தூக்கி வைச்சுக்கொண்டு முருங்கைக்காயை நிறுக்கினம்.

ரெண்டாவது படம்தான் என்னைக் கெடுத்தது. மனுசர் முதல்லை காட்டிலை தனித்தனியாய்த் திரிஞ்சு மிருகத்திட்டை கடி வாங்கிச் செத்தவையாம். சேர்ந்து ஊரிலை இருக்க வெளிக்கிட்டா ஒருத்தனையொருத்தன் கடிச்சுச் செத்தவையாம். சேயுஸ் பாத்தார், இதுகள் அழிஞ்சுபோம். தன்ர தூதனைக் கூப்பிட்டு வெக்கத்தையும் நீதியையும் ஒரு பையிலை போட்டுக் குடுத்தார். தூதன் கேட்டான்: "ஐயா, வைத்தியத்தைக் குடுத்தமாதிரிக் குடுக்கிறதோ? ஊருக்கு ஒருத்தருக்குக் குடுத்தாக் காணும்தானே?" சேயுஸ் சொன்னாராம்: "இல்லை. இது எல்லாருக்கும் குடு. ஒராள் ரெண்டாளிட்டை இருந்தா ஊர் நிக்காது."

எல்லாருக்கும் எண்டா கோப்பை கழுவுறவனுக்கும்தானே. நான் கைகழுவுற தொட்டிக்குப் பக்கத்திலை நிண்டு இதைக் கேட்டு நெஞ்சை நிமித்தினன். அந்தக் கிழமையே நகரசபையிலையிருந்து கடிதம் வருது, வாக்காளர் பட்டியலிலை சீட்டு விழுந்திருக்கு, நீர் ஜூரி எண்டு. நசனலித்தே, பிரெஞ்சுக் குடியுரிமை, எடுத்த கையோடை ஆரோ சொல்லித் தேர்தல் பட்டியலிலை பேர் பதிஞ்சிருந்தனான். சேயுஸின்ர தூதன் என்ர பங்கைக் கொண்டுவந்து தபால் பெட்டிக்குள்ளை போட்டிட்டான் எண்டு நினைச்சன்.

கோட்டுக்குப் போனா, அது வேற ஒரு பழைய வழக்கு, அங்கையும் சீட்டு. ஒரு கிண்ணத்துக்குள்ளையிருந்து பேர் எடுத்துக் கூப்பிடுவினம். கூப்பிட்ட ஆள் எழும்பி நடந்து மேலை கதிரைக்குப் போகவேணும். போற வழியிலை அவொக்காவோ அரசாங்கத் தரப்பு ஆளோ "வேண்டாம்" எண்டு சொல்லலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. என்ர பேரைக் கூப்பிட்டினம், வாசிக்கிறவருக்கு மூச்சு முட்டிச்சுது. நான் எழும்பினன். அந்த மண்டபத்திலை நான் நடந்த நடை, மாப்பிளை மணவறைக்கு நடக்கிற நடை. கதிரையிலை கை வைக்கப் போறன், வேண்டாம் எண்டாச்சு. திரும்பி நடந்தன். அந்த நடையை நான் சொல்லமாட்டன்.

ஏன் வேண்டாம் எண்டவை? மூஞ்சையோ, கோட்டோ, பேரின்ர நீளமோ. ஆருக்குத் தெரியும். அண்டு பின்னேரம் லாச்சப்பலிலை தேத்தண்ணிக் கடைக்குள்ளை நாலு பேர் "என்ன மாதிரி?" எண்டு கேக்க, என்ர வாய் தானாய்ச் சொல்லிச்சுது: "கஷ்டமான வழக்கு. ஒண்டும் கேக்காதேங்கோ. ரகசியம். சத்தியம் செய்து குடுத்தனாங்கள்." அண்டிலையிருந்து நான் சட்டம் தெரிஞ்ச ஆள். குடியிருக்கிற வீட்டுப் பிரச்சினையிலையிருந்து கார் தண்டம் வரைக்கும் என்னட்டைத்தான் கேப்பினம். அண்ணைக்கு இண்டு வரைக்கும் தெரியாது. அதாலைதான் விசாரணை துவங்கினதிலையிருந்து "நீ வா, உனக்கு உள் விசயம் தெரியும்" எண்டு என்னை இழுத்துக்கொண்டு திரியிறார்.

சண்டை எதுக்குத் தெரியுமோ? ஒரு ரன் அவுட். ஞாயித்துக்கிழமை கிரிக்கெட், எங்கட ஆக்களின்ர போட்டி. பொடியள் ரெண்டு பேரும் ஒரே பக்கம் விளையாடினவங்கள். ஒருத்தன் கூப்பிட மற்றவன் ஓடேல்லை. அவுட். அதைப் பின்னேரம் லாச்சப்பலுக்குக் கொண்டுவந்து, நாலு பேர் பாக்க, திரும்பத் திரும்பக் கதைச்சு, தாயை இழுத்து, தேப்பனை இழுத்து. அண்ணையின்ர மகன் ஒரு பலசரக்குக் கடையிலை பெட்டி உடைக்கிற வேலை. பெட்டி வெட்டுற பிளேட் எப்பவும் காச்சட்டைப் பொக்கற்றிலை இருக்கும். ஞாயித்துக்கிழமை ஏன் இருந்தது? இந்த ஒரு கேள்வியிலை கோடு ஒரு முழு நாள் நிண்டுது. பொடியன் பிரெஞ்சிலை "தெரியாது" எண்டான். இன்னொருக்காக் கேட்டினம். "தெரியாது." எனக்குத் தெரியும் அது உண்மை எண்டு. என்ர பொக்கற்றிலையும் எப்பவும் ஒரு கோப்பை துடைக்கிற துணி இருக்கும், கோயிலுக்குப் போகேக்கையும்.

இவங்கள் ரெண்டு பேரும் இந்த முத்தத்திலைதான் பந்தடிச்சு வளர்ந்தவங்கள். அண்ணையும் அண்ணியும் வேலைக்குப் போனா அக்கா வீட்டிலைதான் அவன் சாப்பாடு. பேசுறது ரெண்டும் பிரெஞ்சு, பசிச்சா மட்டும் தமிழ்.

இனிச் செத்த வீட்டுக் கதை. இதைச் சொல்லாமல் மற்றது விளங்காது.

செத்த வீட்டிலை அடுப்பு மூட்டிறேல்லை. சுத்தவர இருக்கிற சனம் சமைச்சுக் கொண்டுபோகும். அது ஆரும் சொல்லித் தாற விசயமில்லை, சாவு விழுந்தா கை தானாய்ப் பானையை எடுக்கும். ஆனா இந்தச் செத்த வீட்டுக்கு ஒருத்தரும் கொண்டு போகேல்லை. பொலிஸ் வந்து வந்து போகுது. படியிலை ஏறினாலே பேர் கேக்கிறாங்கள். எங்கட சனத்திலை பாதிக்கு விசா இழுபறி, மிச்சப் பாதிக்குப் பயம். நாளைக்குச் சாட்சிக்குக் கூப்பிட்டா? அக்காவைப் பாத்துப்போட்டுக் கதவடியிலேயே திரும்பினவை. அழுதவை, அது உண்மை. பானை ஒண்டும் வரேல்லை.

அண்ணையின்ர மகன் அந்த நேரம் பொலிசிலை. அண்ணி கட்டிலை விட்டு எழும்பேல்லை. நான் போகேக்கை அண்ணை குசினியிலை நிண்டு கத்தரிக்காய் வெட்டுறார்.

"என்ன அண்ணை செய்யிறியள்?"

"அங்கை அடுப்பு மூட்டியிருக்காதெடா."

"அண்ணை, உங்களுக்கு விசரோ? உங்கட மகன்தான்..."

"தெரியும். அதுக்கு அந்த மனுசி பட்டினி கிடக்கிறதோ? நீ மற்றப் பானையைத் தூக்கு."

தூக்கினன். சோறு என்ர கையிலை, பருப்பும் கத்தரிக்காயும் அண்ணையின்ர கையிலை. முத்தத்தைக் குறுக்கறுத்து அடுத்த படிக்கட்டு. எனக்குப் பகிடி ஒண்டும் வரேல்லை, அப்பிடி ஒரு நாள் என்ர சீவியத்திலை குறைவு. அண்ணை கதவிலை தட்டினார். அக்கா திறந்தா. பாத்தா. அண்ணை தலையை நிமித்தேல்லை. பானையை நீட்டினார். அவ வாங்கினா. என்ர பானையையும் வாங்கினா. கதவு சாத்தினது. அவ்வளவுதான்.

இதைப் படியிலை நிண்ட ஆரோ பொலிசுக்குச் சொல்லியிருக்கினம். விசாரணையிலை அண்ணை சாட்சிக் கூட்டிலை நிக்க, அக்கா தரப்பு அவொக்கா எழும்பி அதை எடுத்தார். "கொலை நடந்து ரெண்டாம் நாள் இறந்தவரின்ர தாய் வீட்டுக்கு நீர் போனீரோ?" போனன் எண்டார் அண்ணை. "கையிலை என்ன கொண்டு போனீர்?" சோறு. "எதுக்கு?" அண்ணை பிரெஞ்சிலை வெளிக்கிட்டுப் பாதியிலை நிண்டிட்டார். ஆட்டிறைச்சியை எப்பிடி வாட்டிறது எண்டு பிரெஞ்சிலை சொல்லுவார். இது வரேல்லை. பிறகு தமிழிலை சொன்னார்.

மொழிபெயர்க்கிறவர் புதுச்சேரிக்காரர், பென்சன் எடுத்த மனுசன், கழுத்துப்பட்டி. அவர் தாழ்மையாய்ச் சொன்னார், துக்க வீட்டிலை அடுப்பு மூட்டமாட்டாங்க, அக்கம்பக்கம் சாப்பாடு குடுப்பாங்க, அது எங்க வழக்கம் எண்டு. தலைமை நீதிபதி ஒரு பொம்பிளை. கண்ணாடியைக் கழட்டிப்போட்டு அண்ணையைப் பாத்தா.

"அவ அதை வாங்குவா எண்டு நீர் நினைச்சீரோ?"

"பசிக்கும்தானே" எண்டார் அண்ணை.

மண்டபத்திலை ஒரு முணுமுணுப்பு. எனக்கு ஜூரி ஆக்களின்ர முகம் தெரியுது. ஒருத்தன் வாயை ஒரு மாதிரி வைச்சுக்கொண்டான். மகனைக் காப்பாத்த வாயடைக்கப் போன தேப்பன். அப்பிடித்தான் அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். எழும்பிக் கத்தவேணும் போலை இருந்தது. மற்றப் பானை என்ர கையிலை இருந்ததெண்டு. ஆனா எழும்பினாப் பிடிச்சு வெளியிலை விடுவாங்கள். அந்தக் கோட்டிலையிருந்து ஒருக்கா வெளியிலை போனவன் நான், ரெண்டாந்தரம் ஏலாது.

பின்னேரம் அக்காவைக் கூப்பிட்டினம். கறுப்புக் குளிர்ச்சட்டை, தலையைச் சுத்திக் கறுப்புச் சால்வை. பிள்ளையைப் பற்றிக் கேட்டினம், சொன்னா. அழேல்லை. பிறகு நீதிபதி கேட்டா, அந்தச் சாப்பாடு வந்தது உங்களுக்குப் பயமாய் இருந்ததோ எண்டு.

"இல்லை."

"அதை என்ன செய்தீங்க?"

"சாப்பிட்டனான்."

புதுச்சேரிக்காரர் மொழிபெயர்க்காமல் அவவைத் திரும்பிப் பாத்தார். "சாப்ட்டீங்களாம்மா?"

"ஓம். போட்டுச் சாப்பிட்டனான். பிறகும் போட்டனான். உப்பில்லை. அவர் போட மறந்திட்டார் போலை." சால்வையை இழுத்து விட்டா. "அவர் ஒராள்தான் கொண்டுவந்தவர். வேற ஒருத்தரும் வரேல்லை. ஆனா நான் சாப்பிட்டனான் எண்டதாலை பிள்ளையை விட்டுக்குடுத்திட்டன் எண்டு எழுதிப்போடாதேங்கோ. சோறு வேற. பிள்ளை வேற. எனக்கு அவன் வேணும். அவனைத் தர ஏலாதெண்டா நீதியைத் தாங்கோ. உங்களிட்டை அதுதானே இருக்காம்."

மனுசன் அதைப் பிரெஞ்சிலை சொல்லேக்கை குரல் ரெண்டிடத்திலை வழுக்கிச்சுது. வாயை ஒரு மாதிரி வைச்சிருந்த ஜூரிக்காரன் குனிஞ்சு தன்ர கையைப் பாத்துக்கொண்டிருந்தான். அண்ணை முகத்தைப் பொத்திக்கொண்டார். உப்பில்லை எண்டதைத்தான் அவராலை தாங்க ஏலாமல் போச்சு. அத்தினை வருசமாய்ச் சமைக்கிற மனுசன்.

இண்டைக்குக் காலமை அண்ணை தரப்பு அவொக்காப் பிள்ளை பேசினா. எங்கட கடைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வாறவதான். பேச்சின்ர முடிவிலை சுவரிலை கிடக்கிற மூண்டாவது படத்தை எடுத்து விட்டா. எனக்குக் கோப்பை கழுவுற இடத்திலை நிக்கிறமாதிரி இருந்தது.

அது தாயைக் கொன்ற மகன்ர கதை. தாய் தேப்பனைக் கொன்றவள், அதுக்காண்டி மகன் தாயைக் கொன்றவன். உடனை மண்ணுக்குக் கீழையிருந்து கறுப்பு உடுத்த பொம்பிளையள் எழும்பினவையாம். தலைமயிரெல்லாம் பாம்பு. ரத்தம் மணந்தா விடாதுகள், நித்திரை கொள்ளாதுகள், கொன்றவனை ஊர் ஊராய்க் கலைக்கும். அவன் ஓடி ஓடி ஆத்தேனா எண்ட சாமியின்ர ஊருக்குள்ளை விழுந்தான். ஆத்தேனா சொன்னா, நான் தனிய முடிவெடுக்கமாட்டன். ஊர் ஆக்களைக் கூப்பிட்டு இருத்தி, ரெண்டு பக்கமும் கேளுங்கோ, பிறகு ஆளுக்கொரு கல்லுப் போடுங்கோ எண்டா. அதுதான் உலகத்திலை முதல் ஜூரி. கல்லை எண்ணினா ரெண்டு பக்கமும் சமன். சமன் எண்டா விடுதலை எண்டு ஆத்தேனா முதலே சொல்லி வைச்சவ. பொடியன் தப்பினான். அண்டையோடை பழிக்குப் பழி போய்க் கோடு வந்தது, நீங்களும் அந்தக் கல்லைத்தான் கையிலை வைச்சிருக்கிறியள் எண்டு முடிச்சா அவொக்கா. வடிவான பேச்சு.

ஜூரி உள்ளை போனாப்பிறகு அவ சொன்னா, கனநேரம் எடுக்கும், வீட்டை போய் ஏதும் சாப்பிடுங்கோ, ஜூரி வெளியிலை வரேக்கை போன் எடுக்கிறன் எண்டு. கார் து நோர் ஸ்டேசன் வரைக்கும் மெத்ரோ ரயிலிலை வந்தம். இறங்குற நேரம் அண்ணை கேட்டார்:

"சமனாய் வந்தா இஞ்சையும் விடுவினமோடா?"

"ஓம் அண்ணை. சந்தேகம் எண்டா அது எப்பவும் குற்றஞ்சாட்டப்பட்ட ஆளுக்குத்தான் சாதகம். வெறும் தாள் போட்டாலும் எங்கட பக்கம்தான்." ஜூரிக்குப் போன முதல் நாள் எங்களுக்குச் சொல்லித் தந்தவை. அது ஒண்டுதான் என்னட்டை இருக்கிற சரியான சட்டம்.

அவர் படியிலை ஏறிப்போட்டு நிண்டார். "ஜூரி ஆறு, நீதிபதி மூண்டு. ஒன்பது எப்பிடியடா சமனாய் வரும்?"

வீட்டுக்கு வந்து சேர்ந்தம். அண்ணை மேலை போனார். அண்ணி ரூ பஜோல் தெருப் பிள்ளையார் கோயிலுக்குப் போயிட்டா. நான் இஞ்சை குந்தினன். கொஞ்ச நேரத்தாலை அக்காவும் முத்தத்துக்கு வந்தா. தன்ர தபால் பெட்டியைத் திறந்து வெறுமனே பாத்துப்போட்டுச் சாத்தினா. எனக்குப் பக்கத்துப் படியிலை இருந்தா.

"தம்பி, உம்மைத்தான்."

"சொல்லுங்கோ அக்கா."

"அந்தப் பிள்ளை பேசேக்கை கறுப்பு உடுத்த பொம்பிளையள் எண்டவளாம். புதுச்சேரி ஐயா கட்டையாய்த்தான் சொன்னவர். நீர் உந்தக் கதையள் தெரிஞ்ச ஆளாமே." சால்வையின்ர கரையைப் பிடிச்சுப் பாத்தா. "அது என்னைச் சொன்னவளோ?"

"சீச்சீ. அதுகளுக்குத் தலைமயிர் பாம்பு அக்கா."

சிரிக்கேல்லை. நான் ஏன் வாயைத் திறக்கிறன் எண்டு எனக்கே விளங்கிறேல்லை. பிறகு இருந்து ஒழுங்காய்ச் சொன்னன், தாய், மகன், கலைச்சது, கல்லு, சமன். தலையை ஆட்டிக் கேட்டா.

"அப்ப கொன்றவனை விட்டிட்டினம்."

"ஓம்."

"செத்தவளுக்காண்டி ஆர் கதைச்சது?"

"அந்தப் பொம்பிளையள்தான்."

"அவையளுக்கு என்ன குடுத்தவை?"

"அது மற்றப் பாதி அக்கா."

"நில்லும். குளிருது. கம்பளிச் சால்வை எடுத்துக்கொண்டு வாறன். சொல்லாமல் ஓடிப்போடாதையும்."

மேலை போயிட்டா, இன்னும் இறங்கேல்லை. அதுதான் இப்ப போனோடை கதைக்கிறன், அவ வரமுதல் எப்பிடிச் சொல்லுறதெண்டு பாக்க. அந்த மற்றப் பாதி எங்கட கடையிலை கக்கூசுக் கதவுக்குப் பக்கத்திலைதான் கீறிக் கிடக்கு. முதலாளி அதைச் சொல்லுறது குறைவு. விடுதலை எண்டதோடை அவொக்காமார் கோப்பி கேப்பினம், கதை முடிஞ்சுது. காலமை அந்தப் பிள்ளையும் அங்கைதான் நிப்பாட்டினவ.

பொடியன் தப்பிப் போயிட்டான். கறுப்பு உடுத்தவையள் நடு ஊரிலை நிக்கினம். நேத்து வந்த சாமியளெல்லாம் எங்கட பழைய சட்டத்தைக் காலிலை போட்டு மிதிச்சிட்டியள் எண்டு கத்துகினம். இந்த மண்ணிலை நஞ்சைச் சிந்துவம், பயிர் முளைக்காது, பிள்ளை தங்காது. ஆத்தேனா அவையளைப் போங்கோ எண்டு சொல்லேல்லை. பொலிசைக் கூப்பிடேல்லை. நீங்கள் தோக்கேல்லை எண்டு சொன்னாவாம். சமன்தானே வந்தது. உங்களை ஒருத்தரும் அவமதிக்கேல்லை. அவையள் கேக்கேல்லை. திரும்ப அதே சத்தம், அதே சொல்லு, ஒரு எழுத்து மாறேல்லை. ஆத்தேனா திரும்பவும் சொன்னா. திரும்பக் கத்தினவை. திரும்பச் சொன்னா. எனக்கு இந்த இடம்தான் பிடிக்கும். அவவுக்கு அலுக்கேல்லை. அழுகிற பொம்பிளைக்கு முன்னாலை அலுக்காமல் நிண்ட ஆளை நான் இந்த ஒரு கதையிலைதான் கேள்விப்பட்டது.

கடைசியிலை சொன்னாவாம், உங்களை விட்டிட்டு இந்த ஊருக்கு நீதி இல்லை, இஞ்சையே இருங்கோ, உங்களுக்கு ஒரு இடம் தாறம் எண்டு. அதிலை மூத்தவள் கத்திறதை நிப்பாட்டிப்போட்டுக் கேட்டாளாம், என்ன இடம்?

இதிலைதான் நான் நிக்கிறன். படத்திலை பாறைக்குக் கீழை ஒரு குகை, விளக்கு, சனம் வரிசையாய்ப் போகுது. அக்காவுக்கு அதைச் சொல்ல ஏலாது. லாச்சப்பலிலை எந்தப் பாறை? ஆபீஸ் கந்தோர் துடைக்கிற வேலையை முடிச்சுப்போட்டு அந்த வெறும் வீட்டுக்குத்தான் அவ திரும்பிப் போகவேணும், மூண்டாம் மாடியிலை அண்ணை வீட்டு லைட் தெரியிற அதே ஜன்னலடிக்கு. அங்கை ஜூரி அறைக்குள்ளை எந்தப் பக்கத்துத் தாள் கூடினாலும் அதிலை மாற்றமில்லை. அப்ப அந்த இடம் எண்டது என்ன மாதிரி எண்டு, ஒருவேளை ஆத்தேனா முதல்லை அவையளுக்குப் பக்கத்திலை போய் இருந்து...

"டேய்!"

மேலை ஜன்னல். அண்ணை சட்டையை மாறிப் போட்டுக்கொண்டு நிக்கிறார்.

"அவொக்கா போன் எடுத்திட்டா. ஜூரி ஆக்கள் வெளியிலை வருகினமாம். வெளிக்கிடு."

அடுத்த படிக்கட்டிலை கதவு சாத்திற சத்தம். அக்கா இறங்கி வாறா, கம்பளிச் சால்வை தோளிலை, போன் காதிலை. என்னைப் பாத்துக்கொண்டு வாறா.

"டேய், கேக்குதோ?"

கேக்குது அண்ணை. வாறன்.